அண்ணன் பல்லுக்கு இடம் பிடித்த கதை

என் அண்ணன் சிரித்தால் சிவகாசியில் அவன் அச்சகத்தில் ஓடும் மெஷின் சத்தம் கேட்காது. பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிற தொழில். சீசனில் ஆர்டர் எங்கே என்று சண்டைக்கு வருகிறவர்களைக்கூட அந்தச் சிரிப்பாலேயே சமாளித்து அனுப்பிவிடுவான். நாரணாபுரம் சாலையில் வண்டி சறுக்கி முன்பல் ஒன்று போனபிறகு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். தாடை எலும்பில் டைட்டானியத் திருகை இறக்கி அதன்மேல் பல் வைப்பார்களே, அதையும் செய்து பார்த்தான். திருகு எலும்போடு ஒட்டாமல் ஆடி ஆடிக் கையோடு வந்துவிட்டது. அதற்கப்புறம் பொத்தவும் தேவைப்படவில்லை, சிரிப்பதையே விட்டுவிட்டான். கல்யாண வீட்டில் அவனைத் தேடினால் வண்டிகள் நிற்கிற பக்கம் தனியாக நின்றுகொண்டிருப்பான்.

குடும்பத்தில் இந்தச் சமாச்சாரத்தைப் படித்தவன் நான் ஒருவன்தான். டைட்டானியத் துண்டுகளின்மேல், தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குழிகள் போட்டு, அங்கே ரத்தத்துப் புரதங்கள் எப்படி ஒட்டுகின்றன என்று பார்ப்பது என் ஆராய்ச்சி. கண்ணுக்குத் தெரியாத குழி, அதில் கண்ணுக்குத் தெரியாத சரக்கு. பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில் இதை விளக்கியபோது, மாமனார் ஆகியிருக்க வேண்டியவர் காபியைக் கீழே வைத்துவிட்டார்.

விருதுநகர் பல் டாக்டரம்மா, இன்னொரு தடவை பார்க்கலாம், இந்த முறை சொரசொரப்பான திருகு என்று சொல்லியிருந்தார். அண்ணன் நேரே என்னிடம் வந்து உட்கார்ந்தான்.

"ஏலே, அது உன் பாடமாம்ல. எனக்குப் புரியிற மாதிரி சொல்லு. பிடிக்குமா, பிடிக்காதா?"

அவனுக்குப் புரியச் சொல்ல, சிவகாசி பஸ்ஸை விட்டால் எனக்கு வேறு கதி இல்லை.

"அண்ணே, தீபாவளிக்கு முந்தி அத்தை வீட்டுக்குப் போவோமே. பஸ்ஸு நிக்கிறதுக்குள்ள என்னைய ஜன்னல் வழியா உள்ள தள்ளுவியே, இடம் பிடிக்க."

"மறக்குமாலே? உன் சட்டை கிழிஞ்சதுக்கு அடி வாங்குனது நான்ல."

அந்தப் பஸ் எனக்கு இன்னும் மணக்கிறது: டீசல், வாடிய மல்லிகை, யாரோ மடியில் பிரித்து வைத்திருக்கும் காராச்சேவு. நான் நோஞ்சான். ஜன்னலில் நுழைய என்னை மிஞ்ச ஆளில்லை. முதலில் உட்கார்வது நான்தான். சாக்கு மூட்டையோடு ஒருவர் வந்து "எந்திரிலே" என்பார், எழுந்துவிடுவேன். படி வழியாக முண்டியடித்து வந்து சேரும் அண்ணன் தலையில் அடித்துக்கொள்வான். "உன்னைய ஏத்துனதுக்கு ஒரு துண்டப் போட்டிருக்கலாம்லே. துண்டாச்சும் எந்திரிக்காது!"

"உடம்புக்குள்ளயும் அதேதாண்ணே," என்றேன். "திருகு இறங்குன உடனே ரத்தத்துல இருக்குற புரதமெல்லாம் சீட்டுப் பிடிக்க ஓடியாரும். பொடிசா, கூட்டமா இருக்குறது முதல்ல உக்காரும். அப்புறம் கெட்டியாப் பிடிக்கிற பெருசு வந்து அத எழுப்பிவிட்டுட்டு உக்காரும்."

"அப்ப அந்தப் பொடிசு நீதான்."

"நான்தான். எலும்புச் செல்லு கடைசியிலதான் வரும். அது திருகப் பாக்காது. சீட்டுல யாரு, எப்படி உக்காந்துருக்கான்னுதான் பாக்கும். ஆளு சரியா இருந்தாத்தான் பக்கத்துல குடியேறும்."

"சொரசொரப்பு எதுக்கு?"

"வழவழன்னு இருக்குற ரெக்சின் சீட்டுல, திருத்தங்கல் திருப்பத்துல சறுக்கி அடுத்தவுக மடியில விழுவோம்ல. கிழிஞ்சு தேங்காநார் துருத்திக்கிட்டு நிக்கிற சீட்டுல விழுந்தோமா? குத்தும், ஆனா ஆளு நகர மாட்டான். எம்புட்டுக் குழி இருந்தா, வேண்டிய புரதம் வேண்டிய மாதிரி உக்காரும்னுதான் நான் பாக்குறேன்."

அண்ணன் சிரிக்கவில்லை. "கதை நல்லாருக்கு. போன தடவ மாதிரி ஆயிட்டா இன்னொருக்கா எனக்குத் தெம்பு இல்லலே. நீ பிடிக்கும்னு சொல்லு, போறேன்."

உலோகத் துண்டில் ஒட்டிய புரதத்தை அளப்பது வேறு, அண்ணன் தாடைக்கு வாக்குக் கொடுப்பது வேறு.

"சத்தியம் பண்ண மாட்டேண்ணே. குழி நல்லதுதான். ஆனா கிருமியும் அதே குழியில சீட்டுப் பிடிக்கும். நீ சிகரெட்ட விடணும். அம்புட்டுதான் எனக்குத் தெரியும்."

"இதச் சொல்லவாலே இத்தன வருசம் படிச்ச?" என்றான். ஆனாலும் சட்டைப்பையிலிருந்த பாக்கெட்டை என் மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் போனான்.

அண்ணன் திருகு வைத்துக்கொண்டான். அது எலும்போடு பிடிக்கச் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும். போனில் பேசும்போதெல்லாம் "ஆடுதாண்ணே?" என்று கேட்க நினைத்து, லோடு போயிருச்சா, அங்கன மழை உண்டா என்று சுற்றி வளைத்துவிட்டு வைத்துவிடுவேன்.

சோதிக்கிற நாளில் நானும் போனேன். டாக்டரம்மா சின்னச் சாவி ஒன்றை மாட்டித் திருப்பிப் பார்த்தார். அண்ணன் நாற்காலிக் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தான். திருகு அசையவில்லை. "நல்லாப் பிடிச்சிருச்சு" என்றார்.

பிற்பாடு அண்ணன் பல்லையும் பொருத்திக்கொண்டு வெளியே வந்தபோது, அந்தத் திருகில் இருக்கிற குழிதான் என் ஆராய்ச்சி என்று அங்கிருந்த நர்ஸிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"அப்படியா சார்? நீங்கதான் இதக் கண்டுபிடிச்சீகளா?"

அடக்கமாக ஒரு பதிலை நான் யோசிப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான். "இவனா? கம்பெனிக்காரன் போட்ட குழிய எண்ணுற ஆளும்மா!" சொல்லிவிட்டு வெடித்துச் சிரித்தான். கன்னம் வீங்கி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கை வாய்ப்பக்கம் பாதி போய், மீசையைத் தடவிவிட்டுக் கீழே இறங்கியது.

அந்தச் சிரிப்பு குழியால் வந்ததா, சிகரெட்டை விட்டதால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. போகிற இடமெல்லாம் குழி என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.