முப்பத்து நான்கு தலைகள்

அக்காவை ராத்தா என்றும் அண்ணனைக் காக்கா என்றும் கூப்பிடும் ஊர் எங்களுடையது. சபியா உம்மா ராத்தாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஆங்கிலச் சொல் ஒன்று கையில் அகப்பட்டால் லேசில் விடமாட்டார். அது எங்கே பிறந்தது, எந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனது, எத்தனை பிள்ளை பெற்றது என்று அகராதியைத் துருவிக் கொப்பியில் எழுதி வைத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். கல்முனையில் ஒரு தட்டச்சுக் கடையில் அவருக்கு வேலை. பக்கத்துக் கடை என் சைக்கிள் கடை. ட்யூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கும் என்னிடம் வந்து ஹெட் என்றால் என்ன என்று கேட்பார். தலை என்பேன். அவ்வளவுதானா என்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார்.

அந்த ஒரு சொல்லுக்கே கொப்பியில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார். ஆணிக்கும் ஹெட், ஆறு பிறக்கும் இடத்துக்கும் ஹெட், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்துக்கும் ஹெட். மாட்டை எண்ணுவதும் அதால்தான். நாணயத்தைச் சுண்டினால் ஒரு பக்கம் அது. பியரின் நுரைக்கும் அதே பெயர் என்று சொல்லும்போது மட்டும் அஸ்தஃபிருல்லாஹ் என்று சேர்த்துக்கொள்வார். பழைய ஆங்கிலத்தில் அது வேறு உச்சரிப்பாம். லத்தீனில் அதற்கு ஓர் உறவுக்காரச் சொல் உண்டாம். அதன் வழியில் வந்தவர்கள்தானாம் கேப்டனும் சீஃபும். நாம் சுண்டித் தின்னும் கோவாவின் ஆங்கிலப் பெயரான கேபேஜும் அந்தக் குடும்பம்தான் என்று ஒரு கதை உண்டாம். அப்படியென்றால் உங்கள் முதலாளியும் கோவாவும் சொந்தக்காரர்கள் என்றேன். ராத்தா சிரித்துவிட்டார்.

பிறகு அந்தச் சுனாமி ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாய்ந்தமருதில் நானும் ராத்தாவும் குடியிருந்த ஒழுங்கையில் ஐம்பதுக்கு மேல் வீடுகள் இருந்தன. கடல் திரும்பிப் போனபோது கிணறுகள் மட்டும் மிஞ்சின. படிவம் நிரப்ப வந்து நின்றவை முப்பத்து நான்கு குடும்பங்கள். மற்றவர்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. இன்றைக்கும் என்னால் முடியாது. கடல் கல்முனைக் கடைவரை வராததால் ராத்தாவின் கொப்பி தப்பியது. அம்மி இல்லை, அகப்பை இல்லை, கொப்பி இருக்கிறது என்று அதைக் கட்டிப்பிடித்து அழுதார்.

அகதி முகாமாகிவிட்ட பள்ளிக்கூடத்தில் வாங்கு ஒன்றில் உட்கார்ந்து முப்பத்து நான்கு படிவங்களையும் நிரப்பியவர் அவர்தான். எல்லாம் ஆங்கிலம். அதில் ஒரு கட்டம், குடும்பத்தின் ஹெட் யார் என்று கேட்டது. ராத்தா ஒவ்வொரு பெண்ணையும் கேட்டார். ஒவ்வொருத்தியும் முக்காட்டை இழுத்துவிட்டு, "புள்ளைட வாப்பாதான்" என்றாள். புருசன் பெயரைச் சொல்லும் வழக்கம் இல்லாததால், பெயரையும் ராத்தாவே எழுதிக்கொண்டார். தன் படிவத்தில் தன் கணவர் காலிதீனின் பெயரை எழுதினார். மரியாதைக்குச் சொன்னது, மரியாதைக்கு எழுதியது.

அடுத்த வருசம் பட்டியல் வந்தது. தொண்டு நிறுவனம் கட்டும் வீடுகள் முப்பத்து நான்கு. உரிமைப் பத்திரம் எல்லாம் ஹெட்டின் பெயரில். முப்பத்து நான்கும் ஆம்பிளைகள்.

வெளியூர்க்காரருக்கு இதில் என்ன குறை என்று தோன்றும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். உம்மா மகளுக்கு எழுதிக் கொடுப்பாள், அவள் தன் மகளுக்குக் கொடுப்பாள். மாப்பிள்ளை கையை வீசிக்கொண்டு வந்து சேருவான். கோபம் வந்தால் வெளியே போக வேண்டியவன் அவன்தான். அவள் போக மாட்டாள். அந்தக் காலடி மண்ணைத்தான் ராத்தா தன் அழகான கையெழுத்தில் ஆம்பிளைகளுக்கு மாற்றி எழுதிவிட்டார். மூன்று நாள் அகராதியும் கொப்பியுமாகவே கிடந்தார்.

நாலாம் நாள் கொப்பியோடு அதிகாரியிடம் போனார். சொல்லின் பிறப்பு வளர்ப்பு எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அகராதியை வைத்து வீடு கொடுக்க முடியாது, பெயர் போட்டவர்களே வந்து வேண்டாம் என்றால் பார்க்கலாம் என்றாராம்.

ஆம்பிளைகளாவது, வேண்டாம் என்பதாவது! என்னையே சொல்கிறேன். பட்டியலில் என் பெயரைக் கண்டதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என் பரம்பரையில் எந்த ஆணின் பெயரிலும் வீடு இருந்ததில்லை. என் மனைவி வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

ராத்தா கடைக்கு வந்தார். மனைவிக்கு நியாயம் கேட்கத்தான் வருகிறார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் என் மனைவியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

"மசூர், உன்ட தங்கச்சிட வூடு இப்ப ஆருட பேர்ல கிடக்கு தெரியுமா?"

அப்போதுதான் அந்தப் பெயர் நினைவுக்கு வந்தது. மீராமுகைதீன். தங்கச்சி புருசன், என் மச்சினன். உம்மா அப்பம் சுட்டு, வாப்பா கடலுக்குப் போய், நானும் பத்து வருசம் சைக்கிள் கழுவி, தங்கச்சிக்குக் கட்டிக் கொடுத்த வீட்டு மண் அது. நேற்று வந்த மீராமுகைதீனுக்கா? கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

"ஓம், கோவம் வருதுல்ல," என்றார் ராத்தா. "உன்ட பொண்டாட்டிக்கும் ஒரு காக்கா இரிக்கான். அவனும் இப்பிடித்தான் எழும்பி நிக்கான்."

நான் குனிந்து ஸ்பேனரை எடுத்தேன்.

முப்பத்து நான்கு புருசன்மாரிடமும் அவர் புருசனாகப் பேசவே இல்லை. அண்ணன் தம்பியாகப் பிடித்துப் பேசினார். தன் வீட்டை விட மனமில்லாதவனுக்கும் தங்கச்சி வீட்டை மச்சான் கையில் விட மனம் வரவில்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில், வீட்டைப் பெண்கள் பெயருக்கு மாற்றச் சொல்லும் கடிதத்தை வைத்தார். நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன், என் மச்சினனை முறைத்துக்கொண்டே. அவனும் என்னை முறைத்துக்கொண்டே போட்டான். அந்தி மஃரிப் தொழுகைக்குள் முப்பத்து நான்கும் விழுந்தன.

அதிகாரி முன்னால் போய் வரிசையில் நின்றோம். நீங்கள் எல்லோரும் சுயமாகத்தான் சொல்கிறீர்களா என்று அவர் கேட்டார். கரைவலை இழுக்கும் காலிதீன் காக்கா ஊமை போன்ற மனிதர். அவர்தான் முன்னால் போனார்.

"சேர், அது நான் மாப்புளயா வந்து ஏறின வூடு. வந்தவன்ட பேர எழுதினா, இருந்தவள் எங்க போற?"

அதிகாரி பேனாவை மூடினார். பிறகு புதிய படிவங்களைக் கொண்டுவரச் சொன்னார். ராத்தா அதே முப்பத்து நான்கையும் முதலில் இருந்து நிரப்பினார். கை வலித்ததாம்; ஆனால் அவ்வளவு சுகமான வலியை வாழ்நாளில் கண்டதில்லை என்றார்.

நிலம் கிடைக்கத் தாமதம், சீமெந்து வரத் தாமதம், சண்டை மூண்டு வீதி மூடியதால் தாமதம். சண்டை முடிந்த வருசம்தான் சாவி கொடுத்தார்கள். பந்தல் போட்டு ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பெயரும் பெண் பெயர். சபியா உம்மா என்று கூப்பிட்டபோது காலிதீன் காக்கா எழுந்து நின்று கைதட்டினார். அந்த மனிதர் அவ்வளவு சத்தம் போட்டு நாங்கள் கண்டதே இல்லை. ராத்தா அழுதுகொண்டே மேடையேறினார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அன்று பின்னேரம் ஹெட்டுக்கு ஒதுக்கிய இரண்டாம் பக்கத்தின் அடியில் அவர் முப்பத்து நான்கு பெண்களின் பெயரையும் எழுதினார். எந்த அகராதியிலும் அது கிடையாது.

என் பெயரில் இன்றைக்கும் ஒரு சைக்கிள் மட்டும்தான் இருக்கிறது. அதை மிதித்துக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போவேன். கதவைத் திறப்பவன் மீராமுகைதீன்தான். நான் அவனிடம், வீட்டுக்காரி இருக்கிறாளா என்று கேட்பேன்.