எரிமலை விளிம்பில் ரிவர்ஸ் கியர்

காலை ஐந்தரை மணிக்கு பீட்டியை விட்டுக் கிளம்பினோம். நெவாடா மாநிலத்தில், பாலைவனத்தின் வாசலில் இருக்கும் சிறிய ஊர் அது. பெட்ரோல் பங்க், சில விடுதிகள், ஒரு பெரிய மிட்டாய்க் கடை, நடுத்தெருவில் நகர மறுத்த இரண்டு கழுதைகள்.

"நம்ம ஊர்ல மாடு, இங்க கழுத. டிராபிக் ரூல்ஸ் ஒண்ணுதான்" என்றார் மச்சான்.

மச்சான் என்பவர் ஏழுமலை, என் மனைவியின் அண்ணன். கேளம்பாக்கத்தில் இரண்டு வேன் வைத்துக்கொண்டு மறைமலைநகர்க் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்குகிறவர். காரை ஓட்டியவன் அவர் மகன் தினேஷ். லாஸ் வேகாஸில் வேலை. பின்சீட்டில் இடது முழங்காலுக்கு உறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். அரசுப் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர். நீளம் தாண்டுவது எப்படி என்று போன வருடம் பிள்ளைகளுக்குச் செய்து காட்டினேன். எப்படித் தாண்டக்கூடாது என்பதையும் அதே தாண்டலில் காட்டி முடித்துவிட்டதால், செங்கல்பட்டில் அறுவை சிகிச்சை ஆனது.

அதற்கு முன்பு, பௌர்ணமி தவறாமல் எங்கள் தெருவிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் திருக்கழுக்குன்றம் போய் மலையைச் சுற்றி வருவோம். ஆபரேஷனுக்குப் பிறகும் நான் போகிறேன். ஆனால் ஸ்கூட்டரில், எல்லாருக்குமான தண்ணீர் கேனைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, அவர்களுக்குப் பின்னால். யாரும் கேலி செய்வதில்லை. "பாத்து வாத்தியாரே, மெதுவா வா" என்கிறார்கள். தையல் பிரித்தபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

ஆகவே ஊரிலிருந்து கிளம்பும் முன் வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்: "மார்கழிப் பௌர்ணமிக்கு நீங்க அங்க மலைய சுத்துங்க. நான் அமெரிக்காவுல எரிமலைய சுத்துறேன். முழுசா நடந்துட்டா தை மாசம் உங்களோட நடப்பேன். இல்லன்னா ஆயுசுக்கும் ஸ்கூட்டர்தான்." சாட்சி, மச்சான்.

போகிற இடத்தின் பெயர் டெத் வேலி தேசியப் பூங்கா என்பதை இரண்டு வீட்டுப் பெண்களிடமும் சொல்லவில்லை. 'பார்க்குக்குப் போகிறோம்' என்று மட்டும் சொன்னோம். அவர்கள் மனதில் ஊஞ்சலும் சறுக்குமரமும் வந்திருக்கும். சறுக்கல் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

நுழைவுக் கட்டணம் காருக்கு முப்பது டாலர், ஏழு நாளைக்குச் செல்லும்.

"நாம ஒரு வேளதான இருக்கப் போறோம்? கொறச்சிக்கச் சொல்லுடா" என்றார் மச்சான்.

"அது மெஷினு நைனா. பேரம் பேசாது."

ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். வழியில் ஒரு டீக்கடை இல்லை, ஒரு மரம் இல்லை. மேற்கே நிலவு இறங்கிக்கொண்டிருந்தது. ஏழு மணிக்குச் சற்றுப் பிறகு, கறுப்புச் சாம்பல் மண் தொடங்கிய இடத்தில் தினேஷ் வண்டியை நிறுத்தினான். கதவைத் திறக்க முயன்றேன், காற்று மூடியது. மறுபடி திறந்தேன், மறுபடி மூடியது.

பத்தடி நடந்ததும் பூமி இல்லை.

யூபிஹீபி என்பது அந்தப் பள்ளத்தின் பெயர். அகலம் சுமார் எண்ணூறு மீட்டர், ஆழம் நூற்றெண்பது மீட்டர். நம் மனதில் இருக்கும் எரிமலை போலக் கூம்பாக எழும்பி நிற்காது. கீழிருந்து வந்த நெருப்புக் குழம்பு நிலத்தடி நீரைத் தொட, விசில் அடைத்த குக்கர் போல நீராவி தரையைப் பிய்த்துக்கொண்டு கிளம்பியிருக்கிறது. சுவர்களில் செம்மண் நிறமும் சாம்பல் நிறமும் அடுக்கடுக்காக. மச்சான் எட்டிப் பார்த்தார். அவருடைய குரங்குக் குல்லாய் அவரைவிட அதிகமாக எட்டிப் பார்த்து, உள்ளேயே போய்விட்டது.

"போவட்டும், காணிக்க" என்றார்.

விளிம்பைச் சுற்றி வரும் பாதை சுமார் இரண்டரைக் கிலோமீட்டர். தினேஷ் வலது பக்கம் கைகாட்டினான். "இப்டிப் போங்க மாமா. செங்குத்தான ஏத்தம் மொதல்லயே முடிஞ்சிரும்."

அப்படிப் போனால் பள்ளம் எங்களுக்கு இடக்கைப் பக்கம் வரும். மச்சான் அசையவில்லை.

"சுத்துறதுன்னா வலம்டா. இடமா சுத்துறது எந்தக் காரியத்துக்குன்னு தெரியுமில்ல? அதுவும் ஊரு பேரே டெத்து!"

"நைனா, அது சாமி இல்ல. பள்ளம்."

"பள்ளமோ மேடோ, வலந்தான்."

எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. தினேஷ் காருக்குள் போய்த் தூங்கத் தொடங்கினான். நாங்கள் இடப்பக்கமாகக் கிளம்பினோம், பள்ளத்தை வலக்கையில் வைத்துக்கொண்டு.

முதல் முக்கால் மணி நேரம் நானே அசந்துபோகும்படி நடந்தேன். காற்று சட்டைக்குள் புகுந்து, ஏற்கெனவே இருக்கும் தொப்பைக்குத் துணையாக இன்னொன்றைச் செய்தது. சில இடங்களில் பாதை ஒரு ஆள் அகலம்தான். மச்சான் எனக்கும் பள்ளத்துக்கும் நடுவே நடக்கப் பார்த்தார்.

"நீ வுழுந்தா?" என்றேன்.

"நான் வுழுந்தா இன்ஷூரன்ஸ் கீது. நீ வுழுந்தா தங்கச்சிக்கு இன்னா பதில் சொல்றது?"

தெற்குப் பக்கம் ஏறியபோது, எதிரே ஒரு வயதான அமெரிக்கத் தம்பதி வந்தார்கள். இரண்டு பேரும் ஊன்றுகோல் வைத்திருந்தார்கள். அந்த அம்மாள் என் முழங்கால் உறையைப் பார்த்து நின்றார். மேலே போனால் கடைசியில் இருப்பது உதிரி மண் சரிவு, காலுக்கு ஆகாது, வந்த வழியே திரும்பிவிடுவது நல்லது என்றார். சரியான யோசனை. நன்றி சொன்னோம். அவர்கள் தாண்டிப் போனதும் மச்சான் பக்கம் திரும்பினேன்.

"திரும்பிட்டா பாதிச் சுத்துதான்" என்றேன்.

"பாதிய எவன் கேட்டான்? வா."

உச்சியிலிருந்து பார்த்தால் எங்கள் கார் தீப்பெட்டி மாதிரி தெரிந்தது. அதற்கும் எங்களுக்கும் நடுவே கறுப்பு மணல் கூரை போலச் சரிந்து கிடந்தது. முதல் அடி வைத்தேன். மண் ஒரு முழம் இறங்கியது, கூடவே நானும். இரண்டாவது அடியில் முழங்காலுக்குள் யாரோ ஸ்குரூ திருகினார்கள். மூன்றாவது அடிக்குக் கால் வரவில்லை. உட்கார்ந்து சறுக்கிவிடலாம், ஆனால் நடப்பதாகத்தான் சொல்லியிருந்தேன்.

"வூட்டு மாடிப்படில ஆபரேஷன் புதுசுல எப்டி எறங்குவ?" என்று கேட்டார் மச்சான்.

"பின்பக்கமா."

"அப்பறம் இன்னா பேஜாரு? திரும்பு."

திரும்பினேன். வலி பாதியாகக் குறைந்தது. ஆனால் பள்ளம் இப்போது என் இடக்கைப் பக்கம் இருந்தது.

"மச்சான்! இது வலமா, இடமா?"

அவர் காற்றில் தலைமுடி பறக்க வெகுநேரம் யோசித்தார். பிறகு தீர்ப்பு சொன்னார்: "ஒன்வேல வண்டி எந்தப் பக்கம் போவுதுன்னுதான் போலீஸ்காரன் பாப்பான். மூஞ்சி எந்தப் பக்கம்னு பாக்கமாட்டான். எடு ரிவர்ஸு."

எனக்குக் கீழே போய் நின்றுகொண்டு, வேனின் பின்பக்கத்தைத் தட்டுவதுபோல் தன் தொடையைத் தட்டினார். "வா, வா, வா... லெஃப்ட்ல ஒடி... நேரா வுடு... கல்லு கீது, ஹோல்டான்! ம், இப்ப வா..." அமெரிக்கப் பாலைவனத்தில் கேளம்பாக்கம் ஸ்டாண்டின் குரல். நான் உச்சியைப் பார்த்தபடியே, ஒவ்வோர் அடியாக மண்ணை மிதித்து அழுத்தி, அது நின்றதும் அடுத்ததை வைத்தேன். இரண்டு முறை முழங்கால் மடங்கியது. இரண்டு முறையும் அவர் கை என் முதுகில் இருந்தது. உட்காரவில்லை. கீழே சில பயணிகள் பள்ளத்தை விட்டுவிட்டு எங்களைப் படம் எடுத்தார்கள். சமதரை வந்ததும் மச்சான் தொடையைக் கடைசியாக ஒரு தட்டுத் தட்டி, "பார்க்கிங்" என்றார். அந்தத் தொடை மறுநாளும் சிவந்திருந்தது.

ஒன்பதரைக்குக் கிளம்பினோம். நூறடி போய்த் திரும்பிப் பார்த்தேன். பள்ளம் இருந்த சுவடே இல்லை. திருக்கழுக்குன்றம் மலை அப்படியில்லை. செங்கல்பட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்தாலும் ஜன்னலில் கூடவே வரும். இது முதுகைக் காட்டியதும் மறைந்துவிடுகிறது. சுற்றி வந்தேன் என்பதற்கு என் காலைத் தவிர அடையாளம் இல்லை.

பீட்டியில் சிக்னல் வந்தது. ஊரில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. வீடியோவில் அழைத்தோம். சுற்றி முடித்த கும்பல் டீக்கடை பெஞ்சில் கால் நீட்டிக்கொண்டிருந்தது. எப்போதும் எங்களுக்கு முன்னால் நடக்கும் சசிகலா அக்காதான் போனை எடுத்தார். கடைசிச் சரிவைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் ஆசை வந்தது. சொல்லிவிட்டேன். டீக்கடை இரண்டாகப் பிரிந்தது. பின்பக்கமாக நடந்தது செல்லாது என்று ஒரு பெஞ்ச், செல்லும் என்று இன்னொரு பெஞ்ச்.

"எல்லாம் கம்னு இருங்க" என்றார் அக்கா. "வாத்தியாரே, நடந்தியா, உன்ன தூக்கிக்கினு வந்தாங்களா?"

"நடந்தேன்கா."

"அப்பறம் இன்னா?" பெஞ்சுகள் பக்கம் திரும்பினார். "தை மாசத்துலேர்ந்து அவங்கவங்க தண்ணிய அவங்கவங்க தூக்கிக்கினு வாங்க."

அந்தப் பக்கம் எல்லாரும் ஒன்றாக முனகினார்கள். அவ்வளவு இனிமையான முனகலை நான் கேட்டதே இல்லை.