பார்சலில் வந்த கண்ணாடி

அலுவலகத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் தள்ளுபடி. கேலியாகத்தான் வைத்தார்கள், அவர் அதைப் பட்டம் கிடைத்த மாதிரி ஏற்றுக்கொண்டார். குடிநீர் வரி வாங்கும் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. யார் புதிதாக எதை வாங்கி வந்தாலும், "எவ்வளவுக்கு வாங்கினீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனை எடுப்பார். அரை நிமிடத்தில் அதே பொருளை அதைவிடக் குறைந்த விலைக்குக் காட்டுவார். மிக்சி வாங்கிய பூரிப்பில் வந்த தலைமை எழுத்தரையே அன்று முழுக்க முகத்தைத் தொங்கப் போட வைத்த ஆள் அவர்.

கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப் போக எனக்கே அவர்மேல் கோபம் வரும். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான் ஒரே மகளைப் படிக்க வைத்தார். மகள் வெளியூரில் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. தெருவில் கடை போட்டிருப்பவர்கள் தங்கள் வாடகையையும் கரண்ட் பில்லையும் நம் தலையில் கட்டுகிறார்கள் என்பது அவர் கட்சி. துடைப்பம் முதல் தலையணை வரை அவர் வீட்டுக்கு எல்லாமே அட்டைப்பெட்டியில்தான் வந்தன.

மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்தாள். ஜிப் மாற்றுவது, பேன்ட் நீளத்தைக் குறைப்பது, காலர் திருப்புவது என்று அக்கம்பக்கத்து வேலைகள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு ஊசியில் நூல் ஏறாது. அந்தக் கண்ணாடியை இருபது வருடமாகத் தெருமுனைக் கண்ணாடிக்காரரிடம்தான் வாங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த மனிதரிடம் ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு அவசரம் என்று சொன்னாலும் விடமாட்டார். மோவாயை இயந்திரத்தில் வைக்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக விளக்கடித்து உள்ளே பார்ப்பார், கண்ணின் அழுத்தம் பார்ப்பார். அதற்குத் தனிக் காசு கிடையாது. "சும்மா படம் காட்றாரு. எல்லாத்தையும் பிரேம் விலையில ஏத்தியிருப்பாரு" என்பார் தள்ளுபடி. அவர் சொன்னது உண்மைதான். அந்த விலைக்குள்தான் அந்தப் பரிசோதனையின் பத்து நிமிடமும் இருந்தது.

நாலு வருடத்துக்கு முன்னால் கண்ணாடியின் காது உடைந்தபோது, மனைவியை அந்தக் கடைக்குக் கூட்டிப்போய் முகம் பார்க்கும் கண்ணாடி முன் உட்கார வைத்தார் தள்ளுபடி. பரிசோதனை இன்னொரு நாளைக்கு இருக்கட்டும் என்று தட்டிக் கழித்துவிட்டு, அரைமணி நேரம் பிரேம்களை மாட்டிக் கழற்ற வைத்தார். அவளுக்குப் பழுப்பு நிறத்தில் ஒன்று பிடித்துப்போனது. அதன் உள்பக்கத்தில் இருந்த எண்ணைப் போனில் படம் பிடித்துக்கொண்டு, "யோசிச்சுட்டு வர்றோம்" என்று கிளம்பினார். கண்ணாடிக்காரர் பிரேமைத் துணியால் துடைத்து இருந்த இடத்தில் வைத்தார்.

பழைய சீட்டில் இருந்த பவரையே போட்டு, அதே பிரேம் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு ஐந்தாம் நாள் வீடு தேடி வந்தது. "அவரு கண்ணைப் பாத்துட்டுதானே குடுப்பாரு?" என்றாள் மனைவி. "ஊசியில நூல் ஏறுதா?" என்று கேட்டார். ஏறியது. "அப்புறம் என்ன?"

அதற்குப் பிறகு அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் அவர் எதிர்ப்பக்கமாக நடந்தார். அவளையும் அப்படியே நடக்க வைத்தார். வாங்காமல் வந்துவிட்டு அந்தக் கடைக்காரரின் முகத்தைப் பார்க்கக் கூச்சம். தேய்ந்த கண்ணாடிக்குப் பதில் இன்னும் இரண்டு முறை அதே பவர், அதே பிரேம், அதே பெட்டி வந்தது.

இரண்டாம் வருடம் அவள் கைபட்டு டம்ளர்கள் உடைய ஆரம்பித்தன. "எங்க பராக்கு பாக்கற?" என்று அதட்டிவிட்டு, உடையாத டம்ளர் ஆறு வரவழைத்தார். பிறகு மேஜை முனையில் இடித்து இடுப்பில் கன்றிப்போனது. முனைகளில் ஒட்டும் ரப்பர் வந்தது, நாலின் விலைக்கு எட்டு. வாசற்படியில் கால் தவறி விழுந்தாள். படியில் ஒட்ட இருட்டில் மின்னும் பட்டை வந்தது. மெஷினுக்கு மேலே வெளிச்சம் போதவில்லை என்றாள், பெரிய பல்பு வந்தது. ஒவ்வொரு பெட்டியையும் பிரித்து, கடையில் என்ன விலை, தான் வாங்கியது என்ன விலை என்று அவளுக்குச் சொல்லிக் காட்டுவார். எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். அவள் உடம்பில் ஏற்பட்ட ஒவ்வொரு காயத்துக்கும் மலிவாக ஒரு சாமான் கண்டுபிடித்தவர், காயம் ஏன் வருகிறது என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

அவள் கேட்டாள். "அந்தக் கண்ணாடிக்காரர்கிட்ட ஒருவாட்டி காட்டலாமாங்க?"

"எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் போறது? நூல்தான் கோக்கறியே, கண்ணுக்கு ஒண்ணும் இல்ல."

மகள் விடுமுறைக்கு வந்தவள், ஒரே ஒரு நாள் அம்மாவோடு தெருவில் நடந்தாள். அம்மா மூன்று தடவை அவள்மேல் மோதினாள், நின்றிருந்த சைக்கிள்மேல் ஒரு தடவை. மகள் நேரே கண்ணாடிக்கடைக்குள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நுழைந்துவிட்டு, அப்பாவுக்குப் போன் செய்தாள். அவர் அனுமதி கேட்டுக்கொண்டு அலுவலகத்திலிருந்து ஓடி வந்தபோது, கண்ணாடிக்காரர் இயந்திரத்தை விட்டு எழுந்து மனைவிக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என் மூக்கையே பாருங்கம்மா. கண்ணை அசைக்காதீங்க. பக்கத்துலேர்ந்து என் விரல் வரும். தெரிஞ்ச உடனே சொல்லுங்க."

விரல் அவளுடைய இடது காதுக்கு அருகிலிருந்து கிளம்பியது. பின்னால் நின்ற தள்ளுபடிக்கு அது நன்றாகத் தெரிந்தது. காதைத் தாண்டியது. அவள் பேசவில்லை. கன்னத்துக்கு நேரே வந்தது. சொல்லு, சொல்லிவிடு என்று அவர் மனதுக்குள் மன்றாடினார். கண்ணின் ஓரத்துக்கு நேராக வந்தும் அவள் மூக்கையே பார்த்துக்கொண்டு, நல்ல பிள்ளையாகக் காத்திருந்தாள். மூக்குக்குக் கிட்டத்தில் விரல் வந்த பிறகுதான், "இப்ப" என்றாள். சரியாகச் சொன்ன சந்தோஷம் அந்தக் குரலில் இருந்தது.

வலது பக்கமும் அப்படியேதான், கொஞ்சம் பரவாயில்லை.

"இந்தக் கண்ணழுத்தம் பார்வைய ஓரத்துலேர்ந்து தின்னுக்கிட்டே வரும். வலிக்காது. நேரா பாக்கறது நல்லா இருக்கறதால தெரியாது" என்றார் கண்ணாடிக்காரர். "கடைசியா எப்பம்மா அழுத்தம் பாத்தீங்க?"

தள்ளுபடி வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "நான்தான் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்துட்டேன். இவரு கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தாரு. தையல் வேலைல நேரமே கிடைக்கல."

கண்ணாடிக்காரர் அவள் மூக்கிலிருந்த பழுப்பு பிரேமைப் பார்த்தார். அது தன் கடையில் வாங்கியது இல்லை என்பது அவருக்குத் தெரியாதா என்ன. ஆனாலும் கண் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதி நீட்டினார், காசு வாங்கிக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார். போன பார்வை போனதுதான், திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து, ஆயுள் முழுக்க. மகள் கையைப் பிடித்து இழுத்தும் கேளாமல் தள்ளுபடி கேட்டார்:

"நாலு வருஷத்துக்கு முன்னாடியே பாத்திருந்தா?"

"இவ்வளவு போயிருக்காது சார்."

மகள் ஊருக்குத் திரும்பும் வரை அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மனைவியிடம் ஒரு நாள் அவரே, "ஏன் பொய் சொன்ன?" என்று கேட்டார். "அந்த ஆளு முன்னாடி நீங்க தலை குனிஞ்சு நிக்கறத நான் பாக்கணுமா?" என்றாள்.

சொட்டு மருந்தைத் தெரு மருந்துக்கடையில் விலை கேட்காமல் வாங்கினார். வேளை தவறாமல் அவரே போட்டுவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மருந்து போட்டு முடித்து, அவள் மெஷினுக்கு இடப்பக்கம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் ஒரு சட்டைக் காலரைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

"இந்த மருந்து போன்ல விலை கம்மியா கிடைக்குமாங்க? மாசாமாசம் உங்களுக்கு எவ்வளவு செலவு."

குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே அவருக்காகத்தான் கேட்டாள்.  பதில் சொன்னால் அழுகை வந்துவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். கண்ணீர் தன் சட்டையில் விழுந்ததை அவர் துடைக்கவில்லை.

பதில் வராததால் அவள் கையிலிருந்த துணியை வைத்தாள். தலையை நிமிர்த்திச் சமையலறைப் பக்கமாகக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, எங்க போய்ட்டீங்க?"

அவர் அவளுக்கு ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.