இருட்டுக் காஞ்சியில் என் நண்பன்

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஓரிக்கையில் என் வீட்டு மாடியில் நாங்கள் மூன்று பேர் கூடி விளையாடுவோம். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் வேலை பார்க்கும் தோழி ஒரு மாயக் கதையைச் சொல்லிக்கொண்டு போவாள். நானும் என் கல்லூரி நண்பனும் அதில் ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்யப்போகிறோம் என்று நாங்கள் சொல்வோம். பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். நண்பன் எப்போதும் வைத்தியனாகத்தான் வருவான். நிஜத்திலும் அவன் யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை.

போன கோடையில் அவள் எங்களை இருட்டுக் காஞ்சிக்குள் இறக்கினாள். எங்கள் ஊரின் கண்ணாடிப் பிம்பம். அதே தெருக்கள், அதே கோபுரங்கள். சூரியன் மட்டும் கிடையாது. பட்டுக்கு மனித ரத்தத்தில் சாயம் ஏற்றுவார்கள். இங்கிருக்கும் ஒவ்வொருவருக்கும் அங்கே ஓர் இரட்டை உண்டு. நாம் அடக்கி வைத்ததையெல்லாம் அது செய்யும். வைத்தியனின் இரட்டை தாமல் ஏரிக்கரையில் கழுத்தறுப்பவன். ஒருவனை மயிரைப் பிடித்து இழுத்துவந்து மண்டியிட வைத்திருந்தான்.

"அவனத் தடுக்கணும். உருட்டுப்பா," என்றாள் தோழி.

நண்பன் பகடையைத் தொடவில்லை. "தடுக்கல. கத்திய எங்கிட்ட குடுக்கச் சொல்லு."

பிறகு அவனே சொல்லத் தொடங்கினான். முதலில் மண்டியிட்டவனின் வலது கை. அதிலும் மோதிரம் போட்ட விரலைத் தனியாக. அப்புறம் பற்கள், ஒவ்வொன்றாக. குரல் உயரவே இல்லை.

தோழி அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "போதும்பா. யாரு அது?"

"எங்க அக்கா புருஷன். அவ கன்னத்துல மோதிரம் கிழிச்ச தையல் இருக்குது. காலைலகூட போன்ல அழுதுக்கினே இருந்தா."

"கார எடு," என்றாள் அவள் என்னிடம். அவனைத் தனியாக விட எங்கள் இருவருக்குமே பயம்.

தாமலில் அக்கா வாசலுக்கு வந்தபோது ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. "கெளம்புக்கா," என்று நண்பன் சொல்லி முடிப்பதற்குள் அவள் புருஷன் இரும்புக் கம்பியோடு பாய்ந்தான். அக்காவின் தலைக்கு வந்த அடியை நண்பன் வலது கையில் வாங்கினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் அந்த ஆளின் இடுப்பைக் கட்டிச் சுவரில் மோதினேன். கம்பி கீழே விழுந்தது. நண்பன் இடது கையால் அதை எடுத்து அவன் மண்டைக்கு மேல் ஓங்கினான். நண்பனின் முகம் எனக்கு அடையாளமே தெரியவில்லை.

அக்கா அவன் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். "வேணாம்டா! நான் வந்துர்றேன். வா."

அவன் திரும்பி, கதவு பிளக்கும்வரை கதவையே அடித்தான். பிறகு கம்பியை எறிந்துவிட்டு அக்காவோடு காரில் ஏறினான்.

காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் அவன் கை எப்படி முறிந்தது என்று டாக்டர் கேட்டார்.

"பைக்லேர்ந்து விழுந்துட்டேன் சார்."

அக்கா அவனை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "விழல சார். என் புருஷன் கம்பியால அடிச்சான். என் கண்ணும் அவன் அடிச்சதுதான். ரெண்டையும் எழுதுங்க."

விசாரிக்க வந்த போலீஸிடமும் ஒரு வார்த்தை மாற்றாமல் அதையே சொன்னாள். நண்பன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதுகொண்டிருந்தான்.