வாடகைச் செடிகளுக்கு ஒரு கங்காணி

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்த சண்முகவடிவுக்குக் கங்காணியாக வேண்டும் என்று ஆசை. கொழுந்து பறிப்பவர்களுக்குப் பின்னால் நின்று, முற்றிய இலையைப் பறிக்கிற கையைக் கண்டுபிடித்து, அடுத்த மலைக்குக் கேட்கும்படி திட்டுகிற வேலை அது. அந்தத் தோட்டத்தில் அதுவரை ஆண்கள்தான் அதைப் பார்த்தார்கள். திட்டுவதற்குச் சண்முகவடிவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திருவிழாவில் அன்னதான வரிசை குழம்பினால் கோயில் தலைவர் அவரைத்தான் கூப்பிடுவார். அவர் கணவர் இராமையா தொழிற்சாலையில் ஆக இரைச்சலான இயந்திரத்தடியில் வேலை கேட்டு வாங்கியதற்குக் காரணம் இதுதான் என்று தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் ஒரு பேச்சு உண்டு.

2003ஆம் ஆண்டு தோட்டத்துத் துரை, அதாவது மேலாளர், சண்முகவடிவை அலுவலகத்துக்கு அழைத்தார். அவுஸ்திரேலியாவில் ரக்பி உலகக் கிண்ணம் நடக்கிறது. அங்கே இலங்கைக்கு உல்லாசப் பயணிகளைப் பிடிக்கக் கொழும்பிலிருந்து ஒரு பிரசாரக் குழு போகிறது. கொழுந்து பறித்துக் காட்ட ஓர் ஆள் வேண்டும். தோட்டத்தில் பாஸ்போட் இருந்தது சண்முகவடிவிடம் மட்டும். மத்திய கிழக்குக்குப் போகவென்று எடுத்து, போகாமல் பெட்டியில் கிடந்தது.

"நல்ல பேரோட வா, சண்முகவடிவு. கங்காணி வேல நான் பாத்துக் குடுக்கிறது," என்றார் துரை.

ஹட்டனில் தமிழும் ஆங்கிலமும் படித்து, சிட்னியில் குடியேறி, பத்து வருடத்துக்குப் பிறகும் புல்லில் கால் வைக்குமுன் அறிவிப்புப் பலகையைத் தேடுகிற ஆள் நான். அந்தக் குழு சிட்னியில் போட்ட கூடாரத்துக்கு மொழிபெயர்ப்பாளனாக என்னைப் பிடித்தார்கள்.

குழுத் தலைவர் கனகலிங்கம், யாழ்ப்பாணத்தவர், வெயிலிலும் கழுத்துப்பட்டி கழற்றாத அதிகாரி. இலங்கை அந்தப் போட்டியில் விளையாடவே இல்லையே என்று முதல் நாளே கேட்டேன்.

"அதுதான் வசதி," என்றார். "விளையாடாத நாடெண்டால் தோக்காது. வெல்லவும் மாட்டுது. ஆருக்கும் எங்களிலை கோவம் வராது. இதைவிட நல்ல விளம்பரம் வேறை என்ன இருக்கு?"

மைதானத்துக்கு வெளியே ஒரு பூங்காவில் கூடாரம். குழு கொண்டுவந்த தேயிலைச் செடிகளை விமான நிலையத்திலேயே பறிமுதல் செய்துவிட்டார்கள். வெளிநாட்டு மண் ஒரு துளியும் உள்ளே வரக்கூடாது என்பது இங்கே சட்டம். கனகலிங்கம் கலங்கவில்லை. ஒரு நாற்றுப்பண்ணையில் கமேலியாச் செடிகள் பன்னிரண்டு தொட்டிகளில் வாடகைக்கு எடுத்தார். அது தேயிலையின் சொந்தக்காரச் செடி. இலையும் அதே சாயல். செடிகளை இருந்தபடியே திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையை அவருக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.

"செடியைத் தொடாதேங்கோ," என்றார் அவர் சண்முகவடிவிடம். "இலைக்கு மேலாலை கையை ஆட்டுங்கோ. ஆட்டிக்கொண்டு சிரியுங்கோ. காணும்."

"பறிக்காம எதுக்குங்கய்யா ஆட்டணும்? ஈ ஓட்டுறதுக்கா?"

"இந்தப் படத்திலை இருக்கிற பிள்ளையைப் பாருங்கோ. எவ்வளவு வடிவாய்ச் சிரிக்குது."

சண்முகவடிவு அந்த விளம்பரப் படத்தின் அருகே போய்ப் பார்த்தார். புதுச்சேலை, உதட்டில் சாயம், முதுகில் கூடை.

"இந்தப் புள்ள கூடையில ஒரு எல கூட இல்லீங்களே. அப்புறம் சிரிக்காம என்னா செய்யும்?"

இரண்டு நாளாக ஒருவரும் வரவில்லை. கூட்டம் எங்களைத் தாண்டி பியர்க் கூடாரத்துக்குப் போனது. ஒரு பெண்மணி மட்டும் உள்ளே எட்டிப் பார்த்துக் கழிப்பறைக்கு வழி கேட்டார். 'இலங்கையைப் பற்றி ஆர்வத்துடன் விசாரித்தார்கள்' என்று கனகலிங்கம் கொழும்புக்குத் தொலைபேசியில் சொன்னார். பிறகு சண்முகவடிவின் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் சிரிக்காதபடியாத்தான் சனம் வரேல்லை. இப்பிடியே நிண்டியள் எண்டால் உங்கட துரையிட்டை நான் உள்ளதைச் சொல்லவேண்டி வரும்."

சண்முகவடிவு என்னை ஓரமாக இழுத்தார்.

"தம்பி, இவரு சொன்னா தொரை கேப்பாரா?"

"கேட்பார் போலத்தான் இருக்கு அக்கா."

"அப்ப கங்காணி வேல போயிருமே."

அதன்பின் அவர் சிரித்துப் பார்த்தார். அதைக் கண்டு ஒரு குழந்தை தாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

மூன்றாம் நாள் ஸ்கொட்லாந்து ரசிகர்கள் வந்தார்கள். பெரிய பெரிய உருவங்கள், முழங்கால் வரை கட்டம்போட்ட பாவாடை. செந்தாடிக்காரர் ஒருவர் எங்கள் பலகையைப் படித்துவிட்டு அப்படியே நின்றார். அதில் தோட்டத்துக்கு அந்தக் கால வெள்ளைக்காரத் துரை வைத்த பெயர் இருந்தது: கிளென்டார்வி.

"இது என் ஊர்ப் பெயர்!" என்று கத்தினார். நான் மொழிபெயர்த்தேன்.

"அப்ப இவங்க பெரிய தொரை ஊட்டு ஆளுகளா?" சண்முகவடிவு சேலையைச் சரிசெய்துகொண்டார். "லயத்துக் கூரை ஒழுகுதுன்னு சொல்லுங்க தம்பி. மூணு தொரை மாறியும் ஒழுகுது."

சொன்னேன். செந்தாடிக்காரர் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டார். ஊருக்குப் போனதும் அம்மாவிடம் பேசுவதாக வாக்களித்தார். பிறகு, துக்கம் ஆறட்டும் என்றோ என்னவோ, கூடையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு கமேலியாவிலிருந்து கைநிறைய முற்றிய இலையை உருவினார்.

கனகலிங்கம் "ஐயோ" என்பதற்குள் சண்முகவடிவின் கை அந்தப் பெரிய புறங்கையில் விழுந்தது.

"அட பாவி மனுசா! முத்தின எலய எவன் கேட்டான் ஒன்ன? கயித்த நெத்தியில போடு! கழுத்துல போட்டுக்கிட்டு நிக்கிறான், கோயில் மாடு மாதிரி!"

"என்ன சொல்கிறார்?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"கயிற்றை நெற்றியில் போடச் சொல்கிறார்," என்றேன். மாட்டை விட்டுவிட்டேன்.

போட்டார். அவருடைய கூட்டாளிகளும் ஓடிவந்தார்கள். கூடை கிடைக்காதவர்கள் பியர்ப் பெட்டிகளைக் கயிறுகட்டி நெற்றியில் தொங்கவிட்டார்கள். சண்முகவடிவு அவர்களைத் தொட்டிக்கு ஒருவராக நிறுத்தி, பின்னால் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ரெண்டு எல, ஒரு மொட்டு! அதுக்கு மேல ஒரு எல வந்திச்சு, இன்னைக்கு ஒனக்குப் பேரும் கெடையாது, சம்பளமும் கெடையாது! டேய் ஒசரம், பேச்சு என்னா பேச்சு? இது என்னா கல்யாண வூடா?"

"வாடகைச் செடி! வாடகைச் செடி!" என்று கனகலிங்கம் தொட்டிக்குத் தொட்டி ஓடினார். யாரும் கேட்கவில்லை. சாலையில் போன கூட்டம் இப்போது எங்கள் பக்கம் திரும்பியது. பூங்காக் காவலர் வந்தால் யாரைப் பிடிப்பார் என்று எனக்குக் கவலை. அவர் வந்தார், வரிசையில் நின்றார்.

செடிகளில் இலை தீர்ந்ததும் நிறுவை நடந்தது. தராசு இல்லை. சண்முகவடிவு செந்தாடிக்காரரின் கூடையைத் தூக்கிப் பார்த்தார்.

"அரக் கிலோ வரும். கூடைக்குக் கழிச்சு, தண்ணிக்குக் கழிச்சா, ஒண்ணுமில்ல. அரப்பேருதான்."

இலையில் உள்ள தண்ணீருக்குக் கழித்து, பாதிநாள் வேலையாகத்தான் எழுதுவாராம் என்று விளக்கினேன். செந்தாடிக்காரர் வானத்தைப் பார்த்தார்.

"மழையே பெய்யவில்லையே. எந்தத் தண்ணீருக்குக் கழித்தார்?"

"வெயில் நாள்ல எங்களுக்கும் கழிக்கத்தான் செய்றாங்க," என்றார் சண்முகவடிவு. "நாங்க என்னா வானத்தயா பாக்குறோம்?"

அதை மொழிபெயர்த்ததும் பாவாடைக்காரர்கள் எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது: நீட்டிய விரலும் திறந்த வாயுமாகச் சண்முகவடிவு, அவருக்குமுன் குனிந்த தலைகளோடு பாவாடை வரிசை, ஓரத்தில் மொட்டைச் செடி ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி கனகலிங்கம், மேலே 'இலங்கைக்கு வாருங்கள்' என்ற பதாகை. கனகலிங்கம் விமானம் ஏறும்வரை சண்முகவடிவோடு பேசவில்லை. துரையிடம் பேசப்போகிறார் என்பது மட்டும் தெரிந்தது.

சில மாதம் கழித்து, லிந்துலையில் ஒரு கொமினிகேஷன் கடையிலிருந்து அழைப்பு வந்தது. தொலைபேசியே தேவையில்லாத குரல்.

"தம்பி, நான்தான். அந்த ஐயா எல்லாத்தயும் போட்டுக்குடுத்துட்டாரு. தொரை கூப்புட்டாரு. 'சண்முகவடிவு, நீ அங்க ஒரு கொழுந்துகூட பறிக்கல. சிரிக்கல. வந்த ஆளுகளுக்கு ஏசியிருக்கிற. அப்படியா?'ன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கங்காணி எங்கயாச்சும் கொழுந்து பறிச்சுப் பாத்திருக்கீங்களா தொரைன்னு கேட்டேன்."

துரை பத்திரிகைப் படத்தை நெடுநேரம் பார்த்தாராம். அதில் இருந்தது யார் பார்த்தாலும் கங்காணிதான். அடுத்த திங்கட்கிழமை காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள்பிரிக்க எல்லோரும் கூடியிருந்தபோது, இருபது பேரை அவரிடம் ஒப்படைத்தார்.

"அது கெடக்கட்டும்," என்றார் சண்முகவடிவு. "அந்தச் செந்தாடித் தொரையும் இன்னொருத்தரும் இங்க வந்திருக்காங்க. நுவரெலியாவுல தங்கியிருக்காங்க. கடக்கர வேணாமாம், யான வேணாமாம். என் மலையிலதான் நிக்கணுமாம்."

எனக்குத் தெரிந்து, அந்தப் பிரசாரம் முழுவதும் பிடித்துக் கொடுத்த பயணிகள் அந்த இருவர்தான். கனகலிங்கத்துக்கு உடனே சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

"மலைக்குக் கூட்டிப்போனீங்களா அக்கா?"

"எங்க கூட்டிப்போறது? பெரட்டு முடிஞ்சு எல்லாரும் மலை ஏறினப்புறம் ஆட்டோவுல வந்து எறங்குறாங்க. பிந்தி வந்தா வேல இல்லன்னு திருப்பி அனுப்பிட்டேன்."

"அக்கா! அவங்க ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவங்க!"

"இருக்கட்டுமே. நாளைக்கு மொத ஆளா வந்து நிப்பாங்க பாருங்க," என்றார். "என்னயும் ஒருக்கா அப்புடித்தான் திருப்பி அனுப்புனாங்க."