அக்காவின் மோட்டாருக்கு வந்த பழி

என் அக்காவுக்குக் கோபம் வந்தால் பேச மாட்டாள். நாலு குண்டூசியை எடுத்து வாயில் கவ்விக்கொள்வாள். தையல்காரிக்கு அது ஒரு வசதி. அந்த மூன்று மாதமும் அவள் வாயிலிருந்து குண்டூசி இறங்கவே இல்லை. காரணம், அத்தான்.

ஒரே கட்டிடத்தில் அவள் கீழே, நான் மாடியில். இருபது வருடம் மெஷினை மிதித்து மிதித்து அவள் முழங்கால் தேய்ந்துபோனது. "இனியும் மிதிச்சீங்கன்னா நடக்கவே முடியாதும்மா" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதனால் தன் சம்பாத்தியத்தில் ஒரு மோட்டார் வாங்கி மெஷினில் பூட்டினாள். அடுத்து வந்த கரண்ட் பில்லைப் பார்த்து அத்தான் தாம்தூம் என்று குதித்தார்.

"மோட்டார் வந்துச்சு, பில்லு ஏறிச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? கழட்டி வித்துடு!"

மோட்டார் போனால் தையல் போச்சு. தையல் போனால் அவளுக்கு என்ன இருக்கிறது? பள்ளிக்கூடச் சட்டை இருநூறு பாதியில் கிடக்கிறது. அதெல்லாம் அந்த மனிதர் மண்டையில் ஏறினால்தானே!

நான்தான் படிப்பகத்துக்குப் போய்ச் சொன்னேன். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க உதவும் தன்னார்வக் குழு ஒன்று அங்கே இருக்கிறது. குழுவிலிருந்து ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் உள்ளங்கை அளவு மீட்டரோடு வந்தார். பிளக்குக்கும் சுவருக்கும் நடுவே மாட்டினால், அந்தச் சாமான் எத்தனை யூனிட் தின்கிறது என்று காட்டிவிடும்.

"ஒரு சாமானுக்கு ஒரு நாள். எப்பவும் போல இருங்க. மீட்டருக்காக நடிக்காதீங்க" என்றார். யாரிடம் போய்ச் சொல்கிறார்!

முதல் நாள் மோட்டார். அத்தான் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, வீட்டில் இருந்த கிழிசலையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார். தலையணை உறை, திரைச்சீலை, போன வருடத்துக் குடைத்துணி. "இதையும் தச்சிடேன். இதையும்." மோட்டார் ஓய்ந்தால் அதன் குற்றம் குறைந்துவிடுமே! அக்கா அசரவில்லை, பகல் முழுக்கத் தைத்தாள். சாயங்காலம் கண்டக்டர் வந்து பார்த்து, "அரை யூனிட்கூட இல்லையே" என்றார். அத்தான் மீட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

மறுநாள் ஃபிரிட்ஜ். அது அத்தானின் செல்லப்பிள்ளை, மேலதிகாரி வீடு மாறும்போது கொடுத்தது. அதற்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதென்று நாற்காலியைப் போட்டு அதன் முன்னால் காவல் உட்கார்ந்துவிட்டார். கதவைத் தொட யாருக்கும் அனுமதி இல்லை. வெளியே வைத்த பால் திரிந்தது. பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

"ஏன் அத்தான், ஃபிரிட்ஜுக்குப் பரீட்சையா நடக்குது? எங்க வீட்டப் பாத்துக் கத்துக்குங்க. மூணு மாசத்துல ஒரு யூனிட் ஏறல" என்று விளாசினேன். எனக்கு எப்போதும் வாய் கொஞ்சம் நீளம்தான்.

அத்தனை காவல் இருந்தும் அது மூன்று யூனிட் தின்றிருந்தது. கதவு ரப்பர் பிய்ந்திருப்பதைக் கண்டக்டர் காட்டினார். "இத மாத்திடுங்க. ஆனா இது பழைய வியாதி. புதுசா ஏறினதுக்கு வேற ஏதோ இருக்கு."

மூன்றாம் நாள் காலை, எல்லா பிளக்கையும் பிடுங்கி எல்லா சுவிட்சையும் அணைக்கச் சொன்னார். அப்படியும் வாசல் மீட்டரின் சிவப்பு விளக்கு படபடவென்று சிமிட்டிக்கொண்டிருந்தது.

"வீட்ல ஒண்ணும் ஓடல. அப்புறம் யாரு இழுக்கறாங்க?" என்றபடி மெயினை அணைத்தார். சிமிட்டல் நின்றது.

அதே நொடி, மாடியில் குளித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அலறினார்: "யாரு ஹீட்டர அணைச்சது? தண்ணி ஜில்லுன்னு வருது!"

மூன்று மாதத்துக்கு முன்புதான் குளியலறையில் ஹீட்டர் மாட்டினோம். எலக்ட்ரீஷியன் எங்கள் மீட்டரிலிருந்து தனி வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, பக்கத்தில் போன கீழ்வீட்டு லைனிலேயே கோத்துவிட்டுப் போயிருக்கிறார். சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரியாவிட்டால் மட்டும் என்ன? அவமானம் பிடுங்கித் தின்றது. அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் அழுதுவிட்டேன்.

"அடச் சீ, அழாத. வயர மாத்தினா முடிஞ்சுது" என்றாள் அக்கா.

அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார். பெரிய மனது பண்ணுகிறவர்போல, "சரி சரி, அந்த மோட்டார் இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "இருந்துட்டுப் போகட்டுமா? என் காசு, என் காலு. இதுல உத்தரவு குடுக்க நீங்க யாருங்க?"

கண்டக்டர் மெயினைப் போட்டதும் அக்கா மெஷினில் உட்கார்ந்து, பள்ளிக்கூடச் சட்டைக்குக் கை வைத்துத் தைக்கத் தொடங்கினாள்.