கலயத்துக்குள் கொட்டாங்கச்சி

வெறும் மண்கலயத்தில் ஒரு பிடி அரிசி விழும்போது, ஓலைக்கூரையில் முதல் தூறல் விழுவது போலச் சரசரவென்று ஒரு சத்தம் எழும். மாதம் வளர வளர அரிசிமேல் அரிசி விழுந்து அந்தச் சத்தம் மெல்ல அடங்கிப்போகும். சீர்காழிக்குத் தெற்கே, வயலுக்கு நடுவில் இருந்த எங்கள் ஊரில், கிறிஸ்தவ வீடுகளில் காலை அந்தச் சத்தத்தோடுதான் தொடங்கியது. அம்மா உலைக்கு அளந்த அரிசியிலிருந்தே ஒரு பிடி எடுத்து, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று முணுமுணுத்தபடி அடுப்படி மூலையில் இருந்த கலயத்தில் போடுவாள். அதற்குப் "பிடியரிசி" என்று பெயர். மாதத்தின் முதல் ஞாயிறன்று எல்லா வீட்டுக் கலயங்களும் கோயிலில் பீடத்துக்கு முன்னால் வரிசையாக நிற்கும். ஜெபம் முடிந்ததும் அந்த அரிசி உபதேசியார் வீட்டுக்குப் போகும்.

குருவானவர் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாட்களில் ஆராதனை நடத்துவதும், காய்ச்சலில் கிடப்பவருக்கு ஜெபிப்பதும், சாவு வீட்டில் கடைசிவரை நிற்பதும் ஞானமுத்து உபதேசியார்தான். சம்பளம் என்று சொல்லும்படி அவருக்கு எதுவும் வரவில்லை. பிடியரிசிதான் அவர் பிள்ளைகளின் சோறு. இது எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அந்த வருஷம் ஆடி பிறந்தும் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. வாய்க்காலில் பையன்கள் பந்து விளையாடினார்கள். குத்தகை நிலம் வெடித்துக் கிடக்க, அப்பா வேலை தேடித் திருச்சிப் பக்கம் போய்விட்டார். போன மகசூலில் மிஞ்சியது வீட்டு அரிசிப் பானையில் கொஞ்சம் இருந்தது. தங்கை செல்வியின் இராக்கஞ்சி நாளுக்கு நாள் தண்ணீராகிக்கொண்டே வந்தது. ஆனாலும் அம்மாவின் பிடி மட்டும் சிறுக்கவில்லை.

"நமக்கே இல்ல, கோயிலுக்கு என்னம்மா?" என்று கேட்டேன்.

"இதுவரைக்கும் நடத்துனவரு பாதி வழியில வுட்டுட்டுப் போவாருன்னா நெனைக்கிற? போயி படிக்கிற வேலயப் பாரு."

அம்மா குளத்துக்குத் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், கலயத்திலிருந்து அன்றைய பிடியை அள்ளி வீட்டுப் பானையிலேயே போட்டேன். மறுநாளும் போட்டேன். கலயம் நிறையாதது அம்மாவின் கண்ணில் படக்கூடாதே என்று, கொட்டாங்கச்சி ஒன்றை உள்ளே கவிழ்த்து வைத்து அதன்மேல் அரிசியைப் பரப்பினேன். பார்வைக்குக் கலயம் ஒழுங்காக நிறைந்துகொண்டு வந்தது.

ஞாயிறன்று போகும் வழியில் அதை எடுத்து எறிந்துவிடலாம் என்பது என் திட்டம். ஆனால் அன்றைக்கு அம்மா கலயத்தைத் தன் இடுப்பிலேயே வைத்துக்கொண்டாள். ஆராதனை முழுக்க நான் பீடத்துக்கு முன்னால் இருந்த அந்தக் கலயத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் காலிக் கலயத்தை வாங்கிவர என்னைத்தான் அனுப்பினாள். உபதேசியார் வாசலில் உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து முருங்கைக்கீரை வேகும் வாசனை வந்தது. அதைத் தவிர வேறு சமையல் வாசனை இல்லை. என்னைக் கண்டதும் எழுந்துபோய், கலயத்தைத் துணியால் மூடி எடுத்துவந்து கொடுத்தார்.

"பாத்து தூக்கிட்டுப் போ தம்பி. உள்ள ஒங்க வூட்டுச் சாமான் ஒண்ணு இருக்கு."

அவ்வளவுதான். முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. வாய்க்கால் கரையில் துணியை விலக்கிப் பார்த்தேன். கழுவித் துடைத்த கொட்டாங்கச்சி உள்ளே இருந்தது. அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். நானோ அவர் சொல்லாமல் விட்டதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். அந்தப் பஞ்சம் தீரும்வரை ஒவ்வொரு மாதமும் கொட்டாங்கச்சி போனது. ஒவ்வொரு மாதமும் கழுவித் திரும்பி வந்தது.

வீட்டுப் பானை எதிர்பார்த்த வேகத்தில் குறையவில்லை என்பதை அம்மா கவனித்தாள். செல்வியின் கஞ்சி கெட்டியானது. மழை வந்து அப்பாவும் திரும்பிய பிறகு, ஒரு ஞாயிறு அம்மா சபையில் எழுந்து சாட்சி சொன்னாள். "எங்கூட்டுப் பானையில கர்த்தர் கைய வச்சாருங்க. வேதத்துல வருதே, பஞ்சத்துல மாவு கொறயாத அந்த விதவை வூட்டப் போல எங்களயும் நடத்துனாருங்க." சொல்லும்போதே அழுதாள். நான் உபதேசியாரைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன். ஆனால் காது கேட்டது. எல்லோரையும் முந்திக்கொண்டு "ஆமென்" என்று சொன்ன குரல் அவருடையதுதான்.

அவருடைய மௌனத்தை நான் புரிந்துகொள்ளவில்லை. மாறாக, கடவுள் என்று அம்மா சொல்வது நான்தான் என்ற அகந்தை எனக்குள் வளர்ந்தது. நான் கல்லூரி விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது, அப்பா இறந்து குத்தகையும் கைவிட்டுப் போயிருந்தது. "கர்த்தர் வழி காட்டுவாரு" என்று அம்மா சொன்ன ஒரு சாயங்காலம், "அன்னிக்குப் பானையில போட்டது கர்த்தர் இல்லம்மா, நான்தான்" என்று கொட்டாங்கச்சிக் கதை முழுவதையும் சொல்லிச் சிரித்தேன். அவள் நம்பிக்கை உடைவதைப் பார்க்க வேண்டும் என்றே சொன்னேன்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப உபதேசியார் வூட்டுல என்னடா சாப்புட்டாங்க?"

முருங்கைக்கீரை வாசனை மட்டும் நினைவுக்கு வந்தது.

"நம்மள நடத்துனாரு, நடத்துனாருன்னு எழுந்து நின்னு சொன்னேனே. அவங்க பசியிலல்ல நம்மள நடத்தியிருக்காரு. அது தெரியாமப் போச்சேடா எனக்கு."

மறுநாளே அரிசி எடுத்துக்கொண்டு விசாரித்துப் போனாள். உபதேசியார் வேறு சபைக்கு மாற்றப்பட்டு, அங்கேயே இறந்துபோயிருந்தார்; குடும்பம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அன்றுமுதல் சாகும்வரை அம்மா கலயத்தில் இரண்டு பிடி போட்டாள். ஒருநாளும் என்னைத் திட்டவில்லை. என்னைக் கோயிலுக்கு வா என்று கூப்பிடவும் இல்லை.

விட்டுவிட்ட கோயிலுக்கு நான் திரும்பிப் போக முடி நரைக்க வேண்டியிருந்தது. மனைவி பக்கவாதத்தில் விழுந்து, பிள்ளைகள் தூர தேசத்தில் இருந்த நாட்களில், எதிர்வீட்டுப் பெண் கேட்காமலே வந்து இவளைக் குளிப்பாட்டிவிட்டுப் போனாள். ஒருநாள் "உன் வீட்டு வேலையை யாரம்மா பார்ப்பது?" என்று கேட்டேன். "அது கெடக்குது சார், அப்பறம் பாத்துக்குவேன்" என்றாள். அன்றைக்குத்தான், வெகு காலத்துக்குப் பிறகு, எனக்கு ஜெபிக்க வந்தது. கடவுள் நடத்துகிறார் என்பதை இப்போது நம்புகிறேன். யாருடைய கையைக் கொண்டு நடத்துகிறார், அந்தக் கைக்கு என்ன மிஞ்சியது என்று கேட்காமல் மட்டும் என்னால் ஸ்தோத்திரம் சொல்ல முடியவில்லை.

இப்போது தஞ்சாவூரில் எங்கள் கோயிலில் காணிக்கையைக் கைபேசியிலேயே செலுத்திவிடலாம். கலயம் எந்த வீட்டிலும் இல்லை; உபதேசியார் என்ற சொல்லைக்கூடப் பேரப்பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. நான் காலையில் குக்கரில் அரிசி போடும்முன் ஒரு எவர்சில்வர் டப்பாவில் இரண்டு பிடி போடுகிறேன். மாதம் முடிந்ததும் எதிர்வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். "எதுக்கு சார் இதெல்லாம்?" என்று அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் கேட்கிறாள்.

டப்பாவைக் கழுவித் துடைத்துத்தான் திருப்பித் தருகிறாள். வாங்கியதும், உள்ளே ஒன்றும் இருக்காது என்று தெரிந்தும், திறந்து பார்க்கிறேன்.